கடல் நின்ற நாற்பது நிமிடம்

கடலை நான் ஒருமுறை நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறேன். கையால்தான். சரி, கையில் பிடித்த பென்சிலால். அலை எழும்பவில்லை, காற்று மூச்சு விடவில்லை, கடற்பறவைகள் எல்லாம் பறக்கப் பிடிமானம் கிடைக்காமல் தண்ணீரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்ட ஆளுக்குக் காத்திருக்கத் தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியாது. மற்றவர்களைக் காக்க வைக்கத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். எனக்கு எழுபது நிறைய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் படகுத்துறையில் ஒரு சட்டம்: எழுபது முடிந்தவர் படகில் உட்காரலாம், வேடிக்கை பார்க்கலாம், வாந்தி எடுக்கலாம், சுக்கானை மட்டும் தொடக்கூடாது. பிறந்தநாள் காலையில் படகோட்டி அட்டையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். என் படகு பதினான்கு அடி. இத்தனை வருடத்தில் அதிலிருந்து நான் பிடித்த மீன்களை வாலும் தலையுமாக வரிசையாக வைத்தால் நிலா வரைக்கும் போகும். போகாவிட்டால் சின்ன மீன்களை வைத்து இட்டு நிரப்பிக்கொள்ளலாம். அந்தப் படகை என் கையால் இன்னும் ஒரே ஒரு தடவை முகத்துவாரத்துக்கு வெளியே ஓட்டிப் போக வேண்டும். இலையுதிர் மாதங்களில் மட்டும் அங்கே பாறைத்திட்டு ஓரமாக வந்து போகும் சீலா மீன்களை நேரில் பார்த்து விடைபெற்றுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு நாளில் ஒரு காலைப்பொழுது. கடலிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

கடல் வடக்குக் காற்றை அனுப்பி வைத்தது.

எங்கள் முகத்துவாரத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மணல்மேடு படுத்திருக்கிறது. தண்ணீர் வற்றி வெளியே ஓடும்போது எதிரே காற்று வீசினால், அந்த மேட்டின் மேல் அலை சுவராக எழுந்து நிற்கும். பதினான்கு அடிப் படகை அது சோப்புப் பெட்டி மாதிரி கவிழ்த்துப் போடும். அதனால் காற்றும் ஓய வேண்டும், தண்ணீரும் ஏறவா இறங்கவா என்று தயங்கி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இரண்டு பேருந்துகளை ஒரு நிறுத்தத்தில் சேர்த்து வைப்பது மாதிரி. அந்த வித்தையில்தான் நான் வேலையில் பெயர் எடுத்தேன். என்ன, அந்த ஓட்டுநர்கள் திட்டினால் கேட்பார்கள்.

முதல் நாளே பால்கனியைக் கைப்பற்றினேன். கொடியில் காயும் துணிகளை வைத்து நானே ஒரு காற்றுமானி தயாரித்தேன். கைக்குட்டை மட்டும் ஆடினால் போகலாம். துண்டு ஆடினால் யோசிக்கலாம். தலையணை உறை ஊதிப் பெருத்தால் வீட்டில் இருக்கலாம். பேண்ட் உதைத்தால் பால்கனிக் கதவையும் சாத்திக்கொண்டு இருக்கலாம். அந்த வாரம் பேண்ட் உதைத்த உதையில் எதிர்வீட்டுப் பூனை இரண்டு தடவை பயந்து மாடிப்படி இறங்கியது.

“காஞ்ச துணிய மறுபடி நனைச்சு எதுக்குப் போட்டிருக்கீங்க?” என்று வந்து நின்றாள் என் மனைவி.

“ஈரத் துண்டுதான் சரியான எடை. காஞ்ச துண்டு பொய் சொல்லும்.”

“ஆமா, இந்த வீட்ல பொய் சொல்றதுக்குத் துண்டு வேற வேணுமாக்கும்.”

ஆறு மணிக்கு வானொலி. ஆறு பத்துக்குச் செல்பேசி. ஆறு இருபதுக்குப் பால்கனி. ஆறு இருபத்தைந்துக்கு மறுபடியும் செல்பேசி, ஏனென்றால் அது ஒரு நாளைக்கு நான்கு தடவை மனசை மாற்றிக்கொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் பால்கனிக்குப் போகத் தோன்றும். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே நான் நடந்த நடையில் தரை ஓடு ஒரு விரற்கடை தேய்ந்துவிட்டது. தூண்டில் ரீலைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினேன். மறுநாளும் பிரித்தேன். மூன்றாம் நாள் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்குரூ மிச்சம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இன்று வரை தெரியாது. ரீல் முன்னைவிட நன்றாகச் சுற்றுகிறது.

இன்னொரு சட்டமும் இருந்தது. இலையுதிர் மாதங்களில் யாரும் தனியாகப் படகெடுக்கக் கூடாது, இரண்டு பேராவது இருக்க வேண்டும். என் கூட்டாளிகளில் ஒருவர் கண் அறுவை செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியில் இருந்தார். இன்னொருவருக்கு வாளித் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றும். மிச்சம் இருந்தது என் மச்சான், மனைவியின் தம்பி.

அவனுக்குக் குடும்பத்தில் பெயர் தராசு. ஓய்வு பெறும் வரை எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசைத் திருப்பிப் போட்டு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த கண், என்னையும் அப்படித்தான் பார்க்கும். நான் எதைச் சொன்னாலும் அவன் பாதியாக்கித்தான் காதுக்குள் விடுவான். பத்து மீன் என்றால் ஐந்து. அது தெரிந்து நான் இருபது என்பேன். இப்படி முப்பது வருடமாக எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு உண்மை கிடைத்தது, எனக்கு சந்தோஷம் கிடைத்தது, யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அந்த வாரம் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவனுக்குப் போன் போட்டு, “மாப்ளே, கைக்குட்டைகூட ஆடல, கிளம்பு” என்றேன். அவன் படகுத்துறைக்கு வந்தபோது கம்பத்தில் சிவப்புக் கொடி விறைத்துப் பறந்துகொண்டிருந்தது. கைக்குட்டை கிளிப்பில் சிக்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆறாம் நாள் மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் சிவப்புக் கொடி. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்துக் கொடிக்காரர், அதாவது படகுத்துறைக் காவலர், “என்ன சார், பஸ்ஸுக்கா?” என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கு மச்சான் என்னிடம் சொன்னான்: “அத்தான், இனிமே கடலே என் வீட்டுக் கதவத் தட்டிக் கூப்பிட்டாத்தான் வருவேன்.”

ஒன்பதாம் நாள் காலையில் நான் அதைக் கண்டுபிடித்தேன். வடக்குக் காற்று களைத்துப்போய் ஓயப்போகிறது. தெற்குக் காற்று இன்னும் வந்து சேரவில்லை. ஒரு ஓட்டுநர் இறங்கிப் போய், அடுத்தவர் ஏறி உட்காரும் வரைக்கும் பேருந்து சும்மா நிற்கும் அல்லவா, அந்த இடைவெளி. வானொலியைக் கேட்டேன், செல்பேசியைப் பார்த்தேன், கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணையைப் பிரித்தேன். வற்றிய தண்ணீர் திரும்பும் நேரமும் அதே நேரம். பென்சிலை எடுத்தேன். மறுநாள் காலை பத்து இருபதிலிருந்து பதினொன்று வரை. நாற்பது நிமிடம். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் நாற்பதுதான் வந்தது. அதற்கடுத்த இரண்டு நாளும் தெற்குக் காற்று, மழை. அதற்கடுத்தது என் பிறந்தநாள்.

மச்சானை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி மனைவியை விட்டுக் கூப்பிட வைத்தேன். அக்கா சொன்னால் வருவான். வந்து, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தட்டைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

“எத்தன நிமிஷம்னு சொன்னீங்க?”

“நாப்பது.”

“எழுதிக் குடுங்க.”

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். வாயோடு போயிருந்தால் அந்த நாற்பதை எண்பதாக ஏற்றிச் சொல்லியிருப்பேன். அவன் பாதியாக்கி நாற்பதுக்கு வந்து சேர்ந்திருப்பான், எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் என் வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், கை சொல்லாது. ஒரு நிமிடம் தப்பாக எழுதினால் எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் ஒரு மனுஷி குழந்தையோடு பேருந்தைத் தவறவிட்டு நிற்பாள். முப்பத்து நான்கு வருடம் அந்தப் பயத்தோடு எழுதிய கை. கோடு போட்டு, கட்டம் கட்டி, எழுதிக் கொடுத்தேன். படகுத்துறையிலிருந்து கிளம்புவது 10.20. பாறைத்திட்டு சேர்வது 10.28. அங்கிருந்து திரும்புவது 10.52. உள்ளே வந்து சேர்வது 11.00.

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தான். பென்சிலை என் கையிலிருந்து வாங்கினான். “நாப்பதா, சரி, இருபது. போக எட்டு, வர எட்டு. மிச்சம் நாலு நிமிஷம் மீன் பிடிக்கிறோம்.”

“டேய், இது எழுதினது!”

“எழுதினதால பாதியோட விடறேன் அத்தான். பேசியிருந்தா கால்தான்.” எழுந்து நாற்காலியைத் தள்ளினான். “நாலு நிமிஷத்துக்கு நான் சட்டைகூட மாத்த மாட்டேன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என் மனைவிக்குப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வருடக் கல்யாணத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அவள் பார்த்ததில்லை. நான் பால்கனிப் பக்கம்கூடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் அந்தக் காகிதத்தை நாலாக மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

“தம்பி, நாலு நிமிஷம்னா நாலு நிமிஷம், கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு” என்றாள் அவள். “ஒம்பது நாளா இவர் நடக்கற சத்தத்துல எனக்குத் தலை விண்ணு விண்ணுங்குது. போன வருஷம் நிறுத்தத் தெரியாம பேசிட்டே இருந்தாரே, அந்த மனுஷனாவது எனக்குத் திரும்ப வேணும்.”

மச்சான் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மடித்த காகிதத்தைப் பார்த்தான். “கடிகாரம் என் கையிலதான் இருக்கும். நான் திரும்பச் சொன்னா திரும்பணும்” என்றான்.

“படகுல ஓட்டறவன் சொல்றதுதான் நடக்கும். அது நான் போட்ட சட்டமில்ல.”

“அதான் பயமே” என்றான்.

மறுநாள் பத்து மணிக்குப் படகில் உட்கார்ந்திருந்தோம். சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. பத்து ஐந்துக்குப் பறந்தது. பத்து பத்துக்கும் பறந்தது. மச்சான் கொடியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் மோசம். நான் எஞ்சினை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன், எரிபொருள் மூடியை ஐந்து தடவை முடுக்கினேன். பத்து பதினைந்துக்குக் கொடி ஒரு தடவை படபடத்தது. பிறகு தொங்கியது. ஈரத் துண்டு மாதிரி, அசல் ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. கொடிக்காரர் வெளியே வந்து, முகத்துவாரத்தில் நீர்மட்டம் காட்டும் அளவுக்கல்லைக் கண்மேல் கை வைத்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். கொடியை இறக்கினார். இறக்கிய கையோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

“பத்து இருபது” என்றான் மச்சான், கடிகாரத்தைப் பார்த்து. குரலில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தது.

மணல்மேட்டைத் தாண்டும்போது படகின் அடியில் ஒரு சிணுங்கல்கூட இல்லை. தண்ணீர் அப்படியே எண்ணெய்த் தட்டு. மச்சானின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. சவரம் சரியில்லை என்று அவனே தடவிப் பார்த்துக்கொண்டான். பாறைத்திட்டின் ஓரத்தில் எஞ்சினை நிறுத்தினேன். எழுதியபடி பத்து இருபத்தெட்டு. காதில் ஒரு சத்தமும் இல்லை. இருபது வருடமாக என் வலது காதில் ரீங்காரம் ஒன்று உண்டு. அதுகூட அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டது.

இரண்டு தூண்டிலையும் இறக்கினோம். பத்து முப்பத்திரண்டுக்கு அவன், “நேரமாச்சு. திருப்புங்க” என்றான்.

“உன் கணக்குக்கு ஆச்சு. என் கணக்குக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

“அத்தான், அங்க மேட்டுல அலை எழுந்துச்சுன்னா ரெண்டு பேரும் உள்ள போக முடியாது. விளையாடாதீங்க.”

“விளையாடறனா? வாயால சொன்னா விளையாட்டு. இது எழுதினதுடா.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தெற்கே பார்த்தான். கண் இமைக்காமல் பார்த்தான். அந்த நேரத்தில் என் கோல் வளைந்தது. முழங்கை நீளம் ஒரு சீலா; வெள்ளி வாளை உறையிலிருந்து உருவியது மாதிரி மேலே வந்தது. அடுத்த எட்டு நிமிடத்தில் நான் நூறு மீன் பிடித்தேன். மச்சான் எண்ணியது மூன்று.

பத்து ஐம்பதுக்கு அவன் கோல் வளைந்தது. வளைந்தது என்று சொல்வது அந்தக் கோலுக்கு அவமரியாதை. நுனி தண்ணீருக்குள் போய், நடுவும் போய், பிடியும் போகப் பார்த்தது. ரீல் கத்தியது. கையெழுத்து போடுவதைத் தவிர வேறு கஷ்டம் அறியாத அவன் கை இரண்டும் வெளுத்துப் போயின. “அத்தான்! அத்தான்!” என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. படகின் பின்பக்கம் ஒரு நிழல் திரும்பியது. நான் அதைப் பார்த்தேன். பெரிசு. எவ்வளவு பெரிசு என்று நான் சொல்லப் போவதில்லை; அது என் மீன் இல்லை.

என் கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு.

“அறுத்து விடு” என்றேன்.

“என்னது?”

“தூண்டில் நரம்ப அறுத்து விடு. கிளம்பணும்.”

“ரெண்டு நிமிஷம் அத்தான்! ரெண்டே ரெண்டு நிமிஷம்! பாருங்க, கடல் கம்முனு கிடக்கு, எங்க காத்து? எங்கயும் இல்ல! நான்தான் சொல்றனே!”

உண்மைதான், எங்கும் இல்லை. எண்ணெய்த் தட்டு அப்படியே பளபளத்தது. எனக்கும் மறுபடி அறுக்கச் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் மூன்று நாளில் இந்தப் படகில் நான் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது; கடைசியாகச் சொல்ல வேண்டியது இதுவா? ஆனால் நரம்பு பின்பக்கம் ஓடுகிறது, எஞ்சினைப் போட்டால் விசிறியில் சுற்றிக்கொள்ளும். என் கை எழுதியது ஐம்பத்திரண்டு.

“படகோட்டி சொல்றேன். அறு.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வேலையில் இருந்தபோது எந்தக் கடைக்காரனும் அவனை அப்படிப் பார்த்திருக்க மாட்டான். கத்தியை எடுத்து அறுத்தான். கோல் டக்கென்று நிமிர்ந்தது. நான் எஞ்சினைப் போட்டேன்.

வரும் வழியெல்லாம் அவன் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். மணல்மேட்டைத் தாண்டி அளவுக்கல்லுக்கு உள்ளே வந்தபோது சரியாகப் பதினொன்று. படகைக் கட்டிக்கொண்டிருந்தேன். கம்பத்தில் கயிறு ஒரு தடவை கம்பத்தைத் தட்டியது. பிறகு விடாமல் தட்டியது. மச்சான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். முகத்துவாரத்துக்கு வெளியே தண்ணீர் கறுத்தது. கறுப்பு ஓடி வந்தது. மேட்டின் மேல் முதல் அலை எழுந்து வெள்ளையாக உடைந்தது. அடுத்தது அதைவிடப் பெரிசு. டீக் கடையிலிருந்து கொடிக்காரர் ஓடி வந்து சிவப்புக் கொடியை ஏற்றினார்.

“எவ்வளவு நேரம்பா அமைதியா இருந்துச்சு? நான் பாக்கவே இல்ல” என்றார் மச்சானிடம், அவன் வாக்குத்தான் துறையில் செல்லும் என்பதால்.

மச்சான் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினான். “ஏதோ கொஞ்ச நேரம்” என்றான்.

மூன்று நாளும் அதுவே பேச்சு. ஏதோ கொஞ்ச நேரம். போன் போட்டுக் கேட்டாலும் ஏதோ கொஞ்ச நேரம்.

பிறந்தநாள் காலையில் போய் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அலுவலகப் பெண் அதன் மூலையைக் கத்தரித்து ஒரு பெட்டிக்குள் போட்டாள். ஒரு கிளிக் சத்தம், அவ்வளவுதான். மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மச்சானும் வந்தான். சாப்பிடும்போது நான் கடலை நிறுத்தியதைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், பறவைகள் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டன.

“நாப்பது நிமிஷமா மாமா? இருபதுன்னு வெச்சுக்கலாமா?” என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். குடும்பத்துக்கே அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நானும் சிரித்தேன். அட்டை போன பிறகு எண் எதுவானால் என்ன.

மச்சான் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினான். “எனக்கு ஒண்ணு மாட்டுச்சு” என்றான். “சீலா. இந்த மேஜை நீளம்.”

மேஜை ஆறு பேர் சாப்பிடும் மேஜை. மாப்பிள்ளை அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு என் மனைவி அவன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “பாதின்னு வெச்சுக்கலாமாடா?” என்றாள்.

“அக்கா! நான் எடை அளவுத் துறையில இருந்தவன்!”

“எட போட்டியா?”

“போடறதுக்குள்ள இவர் அறுக்கச் சொல்லிட்டார்!”

“அளந்தியா?”

“தண்ணிக்குள்ள எப்படிக்கா அளக்கறது?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. மச்சானின் காது சிவந்தது. முப்பது வருடமாக அவன் மற்றவர்களுக்குச் செய்ததை இப்போது ஒரு மேஜையே அவனுக்குச் செய்தது. என்னைப் பார்த்தான், நான் அப்பளம்போல் மூஞ்சியை வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். என் மீன் இல்லை என்று சொன்னேன் அல்லவா.

“ஏண்டா, நாலு நிமிஷத்துல அவ்வளோ பெரிய மீன் எப்படிடா மாட்டும்?” என்றாள் அக்காக்காரி, விடாமல். “நீதானே உக்காந்து கணக்குப் போட்ட? போக எட்டு, வர எட்டு, மிச்சம் நாலு.”

“நாலு நிமிஷம் இல்லக்கா!” கையால் மேஜையைத் தட்டிவிட்டான், தண்ணீர் தம்ளர் குதித்தது. “நான் கடிகாரத்த கைல வெச்சுகிட்டுப் பாத்தேன். பத்து இருபதுக்குக் கடல் நின்னுச்சு. பதினொண்ணு மூணுக்குத்தான் முதல் அலை எழுந்துச்சு. நாப்பத்து மூணு நிமிஷம். அத்தான்தான் குறைச்சுச் சொல்றார்.”